மஞ்சள் தொப்பிக் கணக்கு

இராயபுரம்,
29.4.2025

அன்பு மகள் லுப்னாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மகள் நவ்ரீனும் அல்லாஹ் கிருபையில் சுகம். என் இடது முட்டி மட்டும் சுகமில்லை. அதை யாரும் விசாரிப்பதில்லை என்பதால் நானே சொல்லிவிட்டேன்.

ஃபோன் இருக்க எதற்குக் கடுதாசி என்று அங்கே உன் ஹாஸ்டல் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த ஒற்றை ரூம் வீட்டில் நான் உன்னோடு பேசினால் உன் மகள் ஒளிந்து கேட்கவேண்டிய சிரமம்கூட இல்லை, என் மடியிலேயே உட்கார்ந்து கேட்கிறாள். "அம்மா அழுவுறாங்களா நன்னா?" என்று நடுவில் கேள்வி வேறு. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் ஃபோன் என் கையில் இருந்தால்தானே? அதனால் நாம் பேசிக்கொண்டபடியே, ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அவளுக்கு, கடுதாசி நமக்கு.

இப்போது ஒரு சேதி சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. உன் அத்தாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

சங்கக் கட்டடத்தில் ஏரியா பிள்ளைகளுக்குச் சம்மர் கேம்ப் போட்டிருக்கிறார்கள். காலையில் போய் சாயந்தரம் திரும்பலாம். நடத்துவது கார்குழலி, வியாசர்பாடிப் பெண், நிறையப் படித்தவள், ஆனால் படித்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டாள். நவ்ரீனைச் சேர்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். லீடராக வரவேண்டிய பையன் முதல் நாளே வரவில்லை. உள்ளே இருபத்து நாலு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். "கொஞ்ச நேரம் பாத்துக்கோங்க சார், தோ வந்துடறேன்" என்று போன கார்குழலி ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது, நான் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். வேறென்ன தெரியும் எனக்கு? ஹார்பரில் முப்பது வருஷம் டாலி பார்த்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணி எண்ணியே காலம் போய்விட்டது. "நாளைக்கும் வாங்க சார்" என்றாள்.

சார்! பத்தாங்கிளாஸ் கோட்டடித்தவனைப் பார்த்து! அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒத்துக்கொண்டேன். மஞ்சள் பனியன் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் 'லீடர்' என்று போட்டிருக்கிறது. என் வயிற்றில் அது ரொம்ப விரிந்து, தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது.

டீக்கடையில் சுப்பராயன் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, இந்த வயசுல எல்கேஜி சேந்துட்டியா?" என்றான். "ஆமாடா, அடுத்த வருஷம் யுகேஜி" என்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தா,
அமீர்


கோவை,
5.5.2025

அன்புள்ள அத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நான் நலம். முட்டிக்கு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே, எப்படி விசாரிப்பது?

டயாலிசிஸ் டிரெய்னிங் கஷ்டமில்லை. கால்தான் வலிக்கிறது. ஜூனிலிருந்து சம்பளத்தோடு வேலை உறுதி என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு ஹாஸ்டல்தான். பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள்.

அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து மாமி தினமும் ஃபோன் பண்ணுகிறார். "என் புள்ள ஃபவாஸ் இறந்துபோனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான், இங்க விடு, நான் ஸ்கூல்ல சேக்கறேன்" என்கிறார். என் மாமியார் என்பதற்காகச் சொல்லவில்லை, ரஹீமுன்னிசா மாமி பொறுப்பானவர். வீடு பெரியது. பிள்ளை மேலிருந்து ஒரு நிமிஷம் கண்ணை எடுக்க மாட்டார்.

உங்களிடம் நவ்ரீன் சந்தோஷமாக இருக்கிறாள், எனக்குத் தெரியும். ஆனால் அத்தா, நீங்கள் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள். ஒரு மாதம் விளையாடலாம். ஒரு வருஷம்? ஸ்கூல் திறப்பதற்குள் நான் முடிவு சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேம்ப்பில் வெளியே எங்காவது கூட்டிப்போனால் தண்ணீர்ப் பக்கம் ஜாக்கிரதை.

உங்கள் மகள்,
லுப்னா


இராயபுரம்,
9.5.2025

அன்பு மகளுக்கு அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. உன் கடுதாசி வந்தது. கோபமில்லை. நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

என்னைக் கேட்டால், அவள் இங்கேயே இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். ஏன் என்று கேட்டால் அவள் நல்லதுக்கு என்று பெரிதாக எதுவும் சொல்ல வராது. அவள் இருந்தால் வீட்டில் லைட் போட மறப்பதில்லை. அவ்வளவுதான். சம்பந்தியம்மா பொறுப்பானவர் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நானும் இப்போது லீடர், பார்த்துக்கொள்.

கேம்ப்பில் அவள் என்னை நன்னா என்று கூப்பிடுவதில்லை. மற்ற பிள்ளைகள் மாதிரியே "சார்". நேற்று களிமண்ணில் பொம்மை செய்யச் சொன்னோம். நான் ஒரு யானை செய்தேன். ஒரு பொடியன், "சார், இந்த ஆமை சூப்பரா கீது" என்றான். உன் மகள், "அது ஆமை இல்லடா, இட்லி" என்றாள். மானம் போய்விட்டது. 'லீடர்' என்கிற எழுத்தைக் கையால் மூடிக்கொண்டேன்.

நீ பயப்படாதே. வெளியே போகும்போது எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி போட்டுவிடுகிறோம். ஏறும்போது ஒரு எண்ணு, இறங்கும்போது ஒரு எண்ணு. தொப்பியைப் பார்த்து எண்ணினால் எவ்வளவு கூட்டத்திலும் தப்பாது. என் ஐடியாதான். அடுத்த வாரம் முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்துக்கு, படகு பார்க்க. தண்ணீரில் ஒருத்தரும் கால் வைக்க மாட்டார்கள், அது என் பொறுப்பு.

உன் அத்தா,
அமீர்


இராயபுரம்,
15.5.2025

லுப்னா,

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஃபோனில் சொன்னால் பாதியில் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நவ்ரீன் நன்றாக இருக்கிறாள். ஒரு கீறல் இல்லை. இப்போது பக்கத்துவீட்டு மலிகாவோடு மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று நெட்டுக்குப்பத்தில் அவளை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

விட்டுவிட்டேன் என்றால் அப்படியேதான். படகு பார்த்தோம், வலை பார்த்தோம். விசில் அடித்தேன், பிள்ளைகள் வரிசையாக வேனில் ஏறினார்கள். ஒவ்வொரு தொப்பியாகத் தொட்டு எண்ணினேன். இருபத்து நாலு, சரியாக இருந்தது. கார்குழலி "எல்லாம் வந்தாச்சா சார்?" என்றாள். "டாலி" என்றேன், ஹார்பரில் சொல்கிற அதே தோரணையில். வேன் கிளம்பியது.

திருவொற்றியூர் வந்ததும் பன்னும் ஜூஸும் கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசி சீட்டில் ஒரு பையன் என் பனியனைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணாத்த, இந்த வண்டி எங்க போய்கினு கீது?"

"இராயபுரத்துக்குத்தான். ஏன்டா?"

"அப்ப நா எறங்கிக்கறேன். எங்கம்மா தேடும்."

தொப்பியைத் தூக்கிப் பார்த்தேன். பார்த்திராத முகம்.

"டேய், யார்ரா நீ?"

"ரோஷன்."

"உனக்கு ஏது இந்தத் தொப்பி?"

"ஒரு பொண்ணு குடுத்துச்சு. நா நண்டு குடுத்தேன். பன் தருவாங்கன்னு சொல்லிச்சு, அதான் வரிசைல நின்னேன்."

வேன் முழுக்க ஒரு தடவை பார்த்தேன். நம் பிள்ளை இல்லை.

முப்பது வருஷமும் நான் செய்த வேலை அதுதான். மூட்டை வரும், எண்ணு, போகவிடு. உள்ளே சர்க்கரையா சிமெண்டா என்று பிரித்துப் பார்ப்பது என் வேலை இல்லை. பிள்ளைகளையும் அப்படியே எண்ணியிருக்கிறேன். தொப்பிக்குக் கீழே யார் என்று குனிந்து பார்க்கவில்லை. அதிலும் என் சொந்தப் பேத்தியை.

ரோட்டில் கண்டெய்னர் லாரி மைல் கணக்கில் நின்றது. வேனைத் திருப்ப வழியில்லை. கார்குழலியிடம் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு ரோஷனை இழுத்துக்கொண்டு இறங்கினேன். எதிர்ப்பக்கம் வந்த மீன்கூடை டெம்போக்காரன் ஏற்றிக்கொண்டான். வழியெல்லாம் அந்தப் பையன், "அழாத அண்ணாத்த, எங்கம்மா இருக்குது, பாத்துக்கும்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். அழுகிறேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முகத்துவாரத்துத் தண்ணீர் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது. உனக்கு நான் கொடுத்த வாக்கும்.

குப்பத்தில் இறங்கியதும் பூவம்மா என்று ஒரு பெண்பிள்ளை எதிரே ஓடிவந்தாள். ரோஷனின் அம்மா. அவளும் அந்நேரம் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள், பாவம். வந்த வேகத்தில் அவனுக்கு முதுகில் ஒன்று வைத்தாள். அடுத்தது எனக்கு விழும் என்று நினைத்தேன். வாயால் விழுந்தது.

"யோவ், லீடர்னு நெஞ்சுல எழுதிக்கினு கீற, புள்ளய வுட்டுட்டுப் போவியா? உன் புள்ள எது, ஊரான் புள்ள எதுன்னு தெரியாது உனுக்கு?"

"தெரியலம்மா" என்றேன்.

அவள் வீட்டுக்குள் நவ்ரீன் சம்மணம் போட்டு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஐஸ் உடைக்கிற கொட்டகைக்குள் நின்றவளுக்கு மிஷின் சத்தத்தில் விசில் கேட்கவில்லையாம். வெளியே வந்து பார்த்தால் வேன் இல்லை. அழுதிருக்கிறாள், பூவம்மா சோறு போட்டு உட்காரவைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வரவில்லை. இறாலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"நன்னா, நீ என்னை எண்ணலியா?"

"எண்ணினேன்மா."

"அப்புறம்?"

அவள் கையைக் கழுவிவிட்டு இராயபுரத்துக்குக் கூட்டி வந்தேன்.

கார்குழலியிடம் பனியனைக் கழற்றிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "எண்ணினது நீங்க, சரியான்னு திரும்பப் பாக்காதது நான். ரெண்டு பேருக்கும் பங்கு இருக்கு. நாளைலேர்ந்து மொகத்தப் பாத்துப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள். இன்று காலையில் அப்படித்தான் செய்தேன். பேர் சொன்னால் 'உள்ளேன்' என்று சொன்னால் போதாது, என்னைப் பார்த்துக் காலையில் என்ன சாப்பிட்டாய் என்றும் சொல்ல வேண்டும். அரைமணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.

ஸ்கூல் திறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதினாய். அதற்கு முன் இது உனக்குத் தெரிய வேண்டும். சம்பந்தியம்மா வீட்டில் இது நடந்திருக்காது. நான் கேட்டது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ எது சொன்னாலும் அவளுடைய பையை நானே கட்டிக் கொடுப்பேன்.

அமீர்


கோவை,
20.5.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. விஷயம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும்.

ஃபோனில் நவ்ரீன், "அம்மா, நான் இறால் உரிக்கக் கத்துக்கிட்டேன்" என்று ஆரம்பித்தாள். எங்கே, யார் வீட்டில், ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாம் வெளியே வந்தது. நீங்கள் வழக்கம்போல அவள் பேசி முடிக்கட்டும் என்று தெருவில் நின்றிருக்கிறீர்கள். உங்களைக் கூப்பிடச் சொல்லவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் பேசியிருக்கும் பேச்சு ஒரு மகள் அத்தாவிடம் பேசுகிற பேச்சாக இருந்திருக்காது.

அன்று ராத்திரி மாமிக்கு ஃபோன் பண்ணி, "வந்து கூட்டிட்டுப் போயிடுங்க மாமி" என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

கோபம் பிள்ளையை விட்டுவிட்டு வந்ததற்கு மட்டுமில்லை. அடுத்த கடிதத்தில் யானை, ஆமை, சுப்பராயன் என்று நாலு பக்கம் சிரிக்கச் சிரிக்க எழுதுவீர்கள், இதைப் பற்றி ஒரு வரி இருக்காது என்று நினைத்தேன். அப்படித்தான் வரும் என்று பந்தயம்கூடக் கட்டியிருப்பேன். நேற்று உறையைப் பிரிக்கும்போதும் அதே நினைப்புதான்.

டியூட்டி முடிந்து மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். மூன்று தடவை படித்தேன். ஸலாம்கூடப் போடாமல் ஆரம்பித்திருக்கிறீர்கள். உங்களுக்கு அவள் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவள் போய்விடுவாள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள்.

மாமி எதையும் தவறவிட மாட்டார். ஆனால் ஏதாவது தவறிவிட்டால் எனக்குச் சொல்லவும் மாட்டார், நான் பயப்படுவேன் என்று மறைத்துவிடுவார். முந்நூறு மைல் தள்ளி இருக்கிறவளுக்கு எது முக்கியம் என்று இன்று முழுக்க யோசித்தேன். மாமிக்கு ஃபோன் பண்ணி டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொல்லிவிட்டேன். அழுதார். லீவுக்கெல்லாம் நவ்ரீனை அங்கே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். நீங்களே கொண்டுபோய் விட வேண்டும்.

உங்கள் ஃபோன் நம்பரும் என் நம்பரும் அவளுக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு நான் கேட்பேன்.

இராயபுரத்திலேயே ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள் அத்தா.

லுப்னா


இராயபுரம்,
23.5.2025

அன்பு மகள் லுப்னாவுக்கு அத்தா. அஸ்ஸலாமு அலைக்கும்.

இன்று கேம்ப்புக்குக் கடைசி நாள். காலையில் கிளம்பும்போது தபால்காரர் கொடுத்தார். பிரிக்கத் தைரியமில்லாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடும்போது ஸ்டோர் ரூமுக்குள் போய்ப் படித்தேன். படித்து முடித்ததும் கேரம் போர்டு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, போர்டு உடையவில்லை. கார்குழலி எட்டிப்பார்த்து, "சார், முட்டியா?" என்றாள். "முட்டிக்கு மேலதாம்மா எல்லாம்" என்றேன். பிள்ளைகள் மிச்சம் வைத்த லெமன் சாதம் முழுவதையும் நான்தான் சாப்பிட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு நானே ஃபோன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். திட்டினார். முழுசாக வாங்கிக்கொண்டேன். கடைசியில், "பக்ரீதுக்குக் கூட்டிட்டு வாங்க, நீங்களும் இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றார். நல்ல மனுஷி.

திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போகிறேன். யூனிஃபார்ம் துணிக்கு நாளை வண்ணாரப்பேட்டை. நம்பர் இரண்டும் ஒப்பிக்கிறாள், உன்னுடையதைக் கடகடவென்று, என்னுடையதில் நடுவில் ஒன்று முழுங்கிவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகிவிடும்.

சாயந்தரம் பெற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கூட்டமாக வாசலில் நின்று, "எம்புள்ளய அனுப்பு சார்" என்று கத்தினார்கள். நான் யாரையும் அவசரப்படவிடவில்லை. பேர் சொல்லி, முகம் பார்த்து, கையைப் பிடித்து, வந்தவர் கையில் கொடுத்தேன். கார்குழலி ஒரு பக்கம் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஹால் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒருத்தி மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், என்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வரலியே?" என்றாள், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. நடிப்பு.

"பேர் என்ன?"

"நவ்ரீன்."

"காலைல என்ன சாப்பிட்ட?"

"நீ கருக்கிப் போட்ட தோசை."

குனிந்து நன்றாகப் பார்த்தேன். அவளேதான். கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

உன் அத்தா,
அமீர்