வழுவழு பனியன்

மார்ச் 4, திங்கள்
என் பிறந்தநாளுக்கு மகள் பனியன் வாங்கி வந்தாள். வழுவழுவென்று இருக்கிறது. "போட்டுப் பாருங்கப்பா, தொப்பையே தெரியாது." தெரிந்தது. கூடவே பளபளத்தது.

மார்ச் 5, செவ்வாய்
அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். வாசலில் பாதுகாப்பு அதிகாரி மேடம் எல்லாரிடமும் தினமும் கேட்பதுதான்: "உள்ளயும் காட்டன்தானே?" வாய் தானாகச் சொன்னது. "காட்டன்தான் மேடம்."
நாங்கள் செய்வது செயற்கைக்கோளைத் தூக்கிப்போகும் ராக்கெட்டின் பூஸ்டர். உள்ளே ஊற்றிய எரிபொருள் ரப்பர்போல இறுகியதும், பிதுங்கி நிற்பதைச் செதுக்குவது எங்கள் வேலை. இந்த மாதிரி நைலான் துணி உரசி ஒரு பொறி கிளம்பினால் போதும், பிறகு அணைக்க வழியே கிடையாது.
சாயங்காலம் வீட்டில் கழற்றினேன். பனியன் படபடவென்று பொரிந்தது. தலைமுடி சிலிர்த்து நின்றது. "உங்களையே பத்தவச்சு விட்டுட்டாங்களா?" என்று மனைவி சிரித்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 6
பழைய பனியன். யாரிடமும் சொல்லவில்லை.
கூட வேலை செய்கிற, நாங்கள் 'கட்டை' என்று கூப்பிடும் தம்பி தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளினான். "என்னண்ணே, மூஞ்சி செத்துப்போயிருக்கு?" அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. நேற்று முழுக்க என் முழங்கை அவன் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. ஒண்ணும் ஆகலையே — ஆகாததால் நான் யோக்கியனா?

மார்ச் 7
மேடம் கேட்டார். பின்னால் வரிசை நின்றது.
"இன்னைக்கு காட்டன். செவ்வாய்க்கிழமை இல்ல மேடம்."
அவர் கத்தியிருக்கலாம். "அன்னைக்கு உள்ள நாலு பேர் இருந்தீங்க," என்று மட்டும் சொன்னார்.
கட்டை என்னைப் பார்த்தான். "என் பக்கத்துலயா நின்ன?"
இத்தனை வருடத்தில் அவன் 'அண்ணே' இல்லாமல் என்னிடம் பேசியதில்லை.

மார்ச் 8
"பனியன் எங்கப்பா?" மகள் கேட்டாள்.
சின்னதாக இருக்கிறது என்று சொல்லத்தான் நினைத்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. "நான்தானே வாங்கினேன்..."
"நீ பனியன்தாம்மா வாங்கின. பொய் சொன்னது நான்."

மார்ச் 9
அழுதேன். பாத்ரூமில், குழாயைத் திறந்துவிட்டு. தொப்பை குலுங்கியது. சிரிப்பும் வந்தது, தொலையட்டும்.

மார்ச் 18
செதுக்கும் அறை இனி எனக்கில்லை. வாசலில் போட்டிருக்கிறார்கள். மேடம் கேட்டதை இனி நான்தான் கேட்க வேண்டும். என் முகரைக்கு!
முதலில் வந்தவன் கட்டை. அவனைக் கேட்பதற்கு முன் என் சட்டைப் பட்டனைக் கழற்றிக் காட்டினேன். கண்ணால் பார்த்தது அவனுக்குப் போதவில்லை. உள்ளே விரல் விட்டுப் பனியன் துணியைக் கசக்கிப் பார்த்தான்.
"ஓட்டையா இருக்கு," என்றான். சிரிக்கவில்லை. தன் காலரையும் விலக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனான்.
நாளைக்கும் பட்டனைக் கழற்றி வைத்திருப்பேன்.