யாரும் கேட்காத மெடிக்கல்

அக்கா,

இன்று காலை நம் வீட்டில் நிலவேம்பு கொதித்தது. அந்த வாசனை எனக்கு மூக்கில் ஏறுவதற்கு முன்பே தொண்டையில் கசந்துவிடுகிறது. அம்மா அடுப்பின் முன்னால் முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்து, தண்ணீர் சுண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

"பெரீப்பா மவனுக்குக் காச்சலாம். நேத்து மத்தியானம் ஒடம்பு சுட்டுச்சாம், பொழுது எறங்கறதுக்குள்ள காரு வெச்சி சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, ரத்தமெல்லாம் பாத்து, மருந்து வாங்கிக்கிட்டு வந்துட்டாங்களாம். இதையும் குடிச்சா நல்லதுன்னாங்க. கொண்டுபோயி குடுத்துட்டு வா."

உனக்கும் அம்மா இதையே வைத்துக் கொடுத்தாள். உனக்கு இது மட்டும்தான். அண்ணனுக்கு இது சேலத்து மருந்துக்கு மேலே கூடுதல். எவர்சில்வர் தூக்கில் கசாயத்தை ஊற்றி மூடும்போது என் கை சுட்டது. சுடட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு உன் குழியைச் சுத்தம் செய்து, சுற்றிலும் மெழுகுவத்தி ஏற்றி வைத்தேன். சிலுவைக்குக் கீழே பதித்திருக்கும் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்தப் படம் உனக்கு நினைவிருக்கும். நீ வெளிநாடு போவதற்கான பர்மிட்டுக்காகப் பாலக்கோட்டு ஸ்டுடியோவில் எடுத்தது. அந்த நாட்டுக்காரர்கள் கேட்ட அளவு, வெள்ளைப் பின்னணி, காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. ஸ்டுடியோக்காரர் உன் போனில் இருந்த விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு, "வாய மூடிக்கோம்மா, பல்லு தெரியக் கூடாதாம்" என்றார்.

"நம்மூருக்குன்னே போட்ட ரூலு மாதிரி இருக்குதுங்களே அண்ணா" என்று நீ சிரித்தாய். அவரும் சிரித்தார். அவர் பல்லும் நம் பல்லைப் போலவே பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. சிரித்து முடித்து வாயை மூடியதும் எடுத்த படம் அது. கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் அடிக்க நல்ல படம் ஒன்று கேட்டபோது அதைத்தான் கொடுத்தார்கள். நீ சிரிக்காமல் இருக்கும் ஒரே படம், ஊர் முச்சந்தியில் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

அந்த நாட்டின் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை. குளிர் நாடு என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், தண்ணீரிலிருந்து புளோரைடைப் பிரிக்கும் ஆராய்ச்சிக்கு உன்னை எடுத்திருந்தார்கள். நம் போர் தண்ணீரைக் குடித்துத்தான் நம் பல் இப்படி ஆனது, அம்மாவின் முட்டி இப்படி வளைந்தது என்று நீ எனக்குச் சொன்ன நாளில் நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடத்தோடு நின்றுவிட்டேன். அப்பா இல்லாத வீட்டில், குனிய முடியாத அம்மாவுக்குப் பதிலாகத் தக்காளி பறிக்க ஒருத்தி வேண்டியிருந்தது. இரண்டு பேரில் நன்றாகப் படிப்பவள் நீ. அதனால் அந்த ஒருத்தி நானானேன். என்னை யாரும் கேட்கவில்லை. நான் வாய் திறந்து எதையும் சொல்லும் பெண்ணும் இல்லை.

நீ முதன்முதலில் விஷயத்தைச் சொன்னபோது பெரியப்பா நம் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"விசா வந்துடுச்சா?"

"விசா இல்லீங்க பெரீப்பா, ரெசிடென்ஸ் பர்மிட்டு. அங்க தங்கி ஆராய்ச்சி பண்றதுக்கு."

"பர்மிட்டா? லாரிக்குத்தான் பர்மிட்டு வாங்குவாங்க. ஒனக்கு எத்தினி டன்னு லோடு போட்டிருக்கறான்?"

அம்மாகூடச் சிரித்தாள். "தண்ணியப் பத்திப் படிக்கறதுக்கு அம்மாந்தூரம் எதுக்கு? நம்ம கெணத்துல எட்டிப் பாத்துப் படி" என்றார் அடுத்து. அதற்கும் சிரித்தோம். அப்பா போன பிறகு நம் வீட்டில் அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு. வெளிநாடு என்று வந்துவிட்டால் இன்னும் அதிகம். நம் சனத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த ஒரே ஆள் அவர்தானே. வளைகுடாவில் வண்டி ஓட்டியவர். இரண்டாம் முறை போகப் புறப்பட்டபோது மெடிக்கலில் நெஞ்சுப் படத்தில் ஏதோ புள்ளி தெரிகிறது என்று 'அன்ஃபிட்' போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு சொல் நம் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். வெளிநாடு போகிறவன் மெடிக்கல் முடியும்வரை தும்மக்கூடக் கூடாது என்பது நம் தெருவில் ஒரு சட்டம்.

நீ விண்ணப்பம் போட்ட நாட்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். நீ தொட்டிப் படியில் உட்கார்ந்து போனில் நிரப்புவாய். நான் சான்றிதழ்களைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பேன். பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதம், உதவித்தொகைக் கடிதம், காப்பீடு, அங்கே தங்கப்போகும் அறையின் முகவரி. ஒவ்வொன்றையும் ஏற்றி முடித்துப் பச்சை டிக் விழும்போது, "விழுந்துடுச்சு பாப்பா" என்பாய், ஏதோ மாங்காய் விழுந்ததுபோல.

ஒரு கேள்வியை மட்டும் எனக்காகத் தமிழில் படித்தாய். "ஒன்ன நம்பி யாராச்சும் இருக்காங்களான்னு கேக்கறான்."

"என்ன போடப் போற?"

"இல்லன்னுதான். புருசன் புள்ளைங்களத்தான கேக்கறான்." அழுத்தினாய். பச்சை டிக் விழுந்தது. நான் சிரித்தேன், வழக்கம்போலக் கையால் வாயை மூடிக்கொண்டு. நீ என் கையைத் தட்டிவிட்டாய். "பல்லு நம்ம தப்பு இல்ல பாப்பா, தண்ணியோட தப்பு. கைய எடு."

எல்லாம் ஏறிய பிறகு சென்னைக்குப் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும் என்று தேதி வந்தது. அந்த வாரத்தில்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, எலும்பெல்லாம் உடைகிறது என்றாய். அம்மா உன்னை பி.எச்.சி.க்குக் கிளப்பினாள். வாசலில் பெரியப்பா.

"எங்க கெளம்பிட்டீங்க? ஆஸ்பத்திரிக்கா? ஏம்மா, ஒனக்கு அறிவு இருக்குதா? ஆதார் நம்பர வாங்கி எழுதறான், எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிப்போவுது. நாளைக்கு மெடிக்கல்ல இந்த ஊர்ல இந்தக் காச்சல்னு அவன் கையில நிக்கும். அப்பறம் அன்ஃபிட்டுதான்."

"பெரீப்பா, அவுங்க குடுத்த லிஸ்ட்ல மெடிக்கலே இல்லீங்க."

"லிஸ்ட்ல போடமாட்டான். கடைசி நேரத்துல கூப்புடுவான். நான் பட்டவன் சொல்றன். மெடிக்கல் ஷாப்புல மாத்திர வாங்கிப் போடு, நெலவேம்பக் குடி. எந்த ஆஸ்பத்திரிலயும் பேர எழுதாத."

நீ படித்தவள். அந்தப் பட்டியலைப் பலமுறை படித்தவள். நம் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டாய். இதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. மறுநாள் நானாகவே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆஸ்பத்திரிக்குப் போலாங்கா" என்றேன். நானாக வாய் திறந்து ஒன்று சொன்னது அபூர்வம் என்று உனக்குத் தெரியும். "அவரு சொல்றது பொய்யாவே இருக்கட்டும். நெசமா இருந்துட்டா என்னா பண்றது பாப்பா? இன்னும் ரெண்டு நாளு. ரேகை குடுத்துட்டு வந்துர்றன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

சென்னைக்குத் துணையாக என்னைத்தான் கூட்டிப்போனாய். மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறினாய். விடிந்து இறங்கும்போது உன் நெற்றி குளிர்ந்திருந்தது. "விட்டுடுச்சு பாப்பா, காச்சலே இல்ல" என்று என் கையை எடுத்து உன் கழுத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாய். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த அலுவலகத்தில் ஏசிக் குளிர். ஒவ்வொரு விரலாகக் கண்ணாடியில் வைத்தாய். தக்காளிச் செடியும் போர் குழாயும் பழகிய விரல்கள். ஒரு விரல் மட்டும் பதியாமல் மறுபடி மறுபடி வைக்க வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்ததும் நீ கேட்டாய்:

"மெடிக்கல் எப்ப மேடம்?"

அந்தப் பெண் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். "மெடிக்கலா? இந்த பர்மிட்டுக்கு மெடிக்கலே கெடையாதே. யார் சொன்னாங்க உங்களுக்கு?"

நீ காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாய். வெளியே படியில் இறங்கும்போது சிரிக்க ஆரம்பித்தாய். பஸ்ஸில் உட்கார்ந்தும் சிரித்தாய். "பெரீப்பா பேச்சக் கேட்டு நாளெல்லாம் வேப்பந்தண்ணி குடிச்சன் பாரு. ஊருக்குப் போயி மொதல்ல அவருக்கு ஒரு டம்ளர் குடுக்கணும்."

"அப்ப ஊருக்குப் போனதும் ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"காச்சல் விட்டப்பறம் எதுக்குடி? டாக்டருகிட்டப் போயி, போன வாரம் காச்சல் வந்துச்சுங்கன்னு சொல்லட்டுமா?"

வேலூர் தாண்டியதும் வயிறு வலிக்கிறது என்றாய். சன்னல் வழியாக வாந்தி எடுத்தாய். வழியில் தின்ற பரோட்டாவைத் திட்டினோம். உன் கை ஜில்லென்று இருந்தது. காலையில் வந்த அதே குளிர்ச்சிதான் என்று நான் நினைத்தேன். வீட்டில் மறுநாள் காலை எழுந்து நின்றவள் அப்படியே சரிந்தாய். தர்மபுரியில் டாக்டர் உன் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "எத்தன நாளாக் காச்சல்? இத்தன நாள் எங்கம்மா இருந்தீங்க?" என்று அம்மாவைக் கேட்டார். டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அவர்தான் சொன்னார். எங்களுக்குத் தெரியாது. உனக்கும் தெரியவில்லையே அக்கா. தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்த உனக்கு. மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்துவிட்டது.

பூசையில் சாமியார், கடவுளின் சித்தம் என்றார். கடவுள் மேல் போட்டுவிடுவது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. பெரியப்பா முதல் வரிசையில் நின்று அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்ததும், "பொம்பளப் புள்ளைக்கு அம்மாந்தூரத்து ஆச வந்திருக்கக் கூடாது" என்றார். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. இன்றும் அதுதான் உன் கதை. ஆசைப்பட்டாள், போய்விட்டாள்.

உன் பாஸ்போர்ட் கூரியரில் வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். "அவுங்கதான் கையெழுத்துப் போடணும், வூட்ல இருக்காங்களா?" என்று கூரியர்காரர் கேட்டார். நான் உள்பக்கம் திரும்பிப் பார்த்தேன். உள்ளேயிருந்து அம்மா, "தூங்கறாங்க, குடுங்க நானே போடறன்" என்றாள். உள்ளே ஒரு பக்கத்தில் அனுமதி ஒட்டியிருந்தது. அதிலும் வாயை மூடிய அதே படம். மாதா சொரூபத்துக்குக் கீழே துணி சுற்றி வைத்திருக்கிறாள். அதைப் பிரித்துப் பார்ப்பதும் இல்லை, எடுத்துப்போட விடுவதும் இல்லை.

இனி இன்று காலைக்கு வருகிறேன். தூக்கை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அண்ணன் கட்டிலில் படுத்திருந்தான். பக்கத்தில் மருந்துச் சீட்டும் ரத்தப் பரிசோதனைக் காகிதமும் இருந்தன. மேலே அவன் முழுப்பெயர். அடுத்த வாரம் அவனுக்கு வளைகுடா மெடிக்கல். அவனுக்கு மெடிக்கல் நிஜமாகவே உண்டு.

பெரியப்பா தூக்கை வாங்கிக்கொண்டு, நான் கேட்காமலேயே சொன்னார்: "மெடிக்கலுக்கு வேற தேதி வாங்கிக்கலாம்னு ஏஜென்ட்டுகிட்ட சொல்லிட்டன். காச்சலோட வெளையாடக் கூடாது. உசுரு முக்கியம் இல்லியா?"

என் கை பழக்கத்தில் வாய்க்குப் போனது. பாதியில் இறக்கிவிட்டேன்.

"இத அன்னிக்கி எங்க அக்காவுக்கும் சொல்லியிருக்கலாமுங்களே பெரீப்பா."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். பெரியப்பா தூக்கின் மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். "அது வேற, இது வேற" என்றார். பிறகு, "வாயே தொறக்காத புள்ள, இன்னிக்கி என்னமாப் பேசுது பாரு" என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கசாயத்தை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டுக் கொடுத்த காலித் தூக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் சொன்னதால் எதுவும் மாறிவிடவில்லை. மாலை அம்மா என்னைத் திட்டினாள். நமக்கு இருக்கும் ஒரே ஆண் துணையையும் பகைத்துக்கொள்ளாதே என்றாள். உன்மேல் இருக்கும் கோபமும் எனக்கு அப்படியேதான் இருக்கிறது. நீ அந்தச் செருப்பைக் கழற்றியிருக்கக் கூடாது.

ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்த பிறகு தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைக்கிறது. நமக்கு இனி மாறாது. அம்மா நாளையும் கசாயம் வைப்பாள். நான்தான் கொண்டுபோக வேண்டும், போவேன். அண்ணன் பிழைக்கட்டும், அவன் நமக்கு எதுவும் செய்யவில்லை. ஆனால் பெரியப்பா கதவைத் திறக்கும்போதெல்லாம் நான் வாயை மூடாமல் அவர் முகத்துக்கு நேராகப் பேசுவேன். ஒரே குழாயில் தண்ணீர் குடித்தவர்கள் நாம். என் பல்லில் இருக்கும் கறைதான் உன் பல்லிலும் இருந்தது. படத்தில் மறைத்ததை அவர் என்னிடம் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் பாப்பா