நீ போட்ட முப்பத்தொன்று

இன்று காலை பியர்க் கம்பனியின் குளிரறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது பழைய பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு போத்தல் அகப்பட்டது. லேபல் இல்லை. மூடியில் என் கையெழுத்தில் ஏழு என்ற இலக்கம் மட்டும். ஏழாவது தடவை செய்து பார்த்து, இதுதான் சரி என்று நீயும் நானும் ஒத்துக்கொண்ட அந்த ஏல் பியர். மூன்று வருடமாக அங்கேயே கிடந்திருக்கிறது. வேலை முடியும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. அங்கேயே திறந்து கிளாஸில் ஊற்றினேன்.

நுரை அடங்கிவிட்டது. கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூவின் வாசம் முக்கால்வாசி போய்விட்டது. தோடம்பழத் தோலும் பைன் பிசினும் கலந்த அந்த மணத்தை மூக்கைக் கிளாஸுக்குள் விட்டுத் தேட வேண்டியிருந்தது. ஆனால் மோல்ட், முளைவிட்ட பார்லியின் அந்த ருசி, அப்படியே நிற்கிறது. கித்துள் பனைப் பாணியின் இனிப்பு, கருக வாட்டிய பாண் துண்டின் ஓரம், பின்னால் மெதுவாக ஏறி வரும் கசப்பு, விழுங்கிய பிறகு நெஞ்சில் இறங்கும் சூடு. மூன்று வருடம் கழித்தும் இப்படி நிற்கிற பியருக்கா முப்பத்தொன்று போட்டாய் என்று வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்து அறையில் போத்தல் கழுவுகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செத்தவளோடு சண்டை பிடிக்காதே என்கிறாள் அம்மா. வேறு யாரோடு பிடிப்பது? செய்தது நீதானே.

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கண்டியில் தேயிலை ருசி பார்க்கும் அறையில் வேலை கிடைத்ததும் நமக்கு ஒன்றாகத்தான். வரிசையாக வைத்த கோப்பைகளை உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவோம். ஆறாவது கோப்பையில் நான் தடுமாறுவேன். நீ அறுபதாவதிலும் தடுமாறமாட்டாய். இது எந்தத் தோட்டத்துத் தேயிலை, அதன் முதலாளி எவ்வளவு பெரிய ஆள் என்று யாராவது காதில் போட வந்தால் கையைக் காட்டி நிறுத்துவாய். "நாக்குக்கு ஆள் தெரியாது" என்பாய். அந்த வார்த்தையை நான் நம்பினேன். அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

திகனைப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய பியர்க் கம்பனிக்கு நான் மாறியபோது என் அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினான். கசிப்புக் குடித்தே செத்த அப்பாவின் மகள் சாராய வேலைக்குப் போவதா என்று கத்தினான். நீதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவனிடம் போனாய். "அண்ணே, குடிக்கிறதுக்கும் ருசி பாக்குறதுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒங்களுக்கு? நாங்க தேயிலையில செஞ்சதத்தான் அவ அங்க செய்யிறா" என்று வாசலிலேயே நின்று சொன்னாய். அவன் சமாதானமாகவில்லை. ஆனால் அடுத்த வாரம் என் போனை எடுத்தான்.

அந்த ஏலைச் செய்ய முதலாளியிடம் ஒரே ஒரு தொட்டி கேட்டு வாங்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. சாதாரண பியரைவிட இரண்டு பங்கு மோல்ட், அதற்கு ஈடுகொடுக்கிற அளவு ஹொப்ஸ். ஒவ்வொரு தடவையும் மாதிரியைத் தூக்கிக்கொண்டு அம்பிட்டியவில் உன் வீட்டுக்கு வருவேன். முதல் தடவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "பாணியக் கரைச்சு வச்ச மாதிரி ஒட்டுதுடி" என்றாய். மூன்றாவது தடவை, "இப்ப கசப்பு மட்டுந்தான் கத்துது" என்றாய். தேயிலை மாதிரி இதைத் துப்பக்கூடாது, விழுங்கினால்தான் கசப்பு எங்கே போய் நிற்கிறது என்று தெரியும் என்று நீயே கண்டுபிடித்தாய். ஏழாவது தடவை கடைசிச் சொட்டுவரை குடித்தாய். கிளாஸை நீட்டி, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாய்.

அப்புறம்தான் கண்டி ஹோட்டல் ஒன்றில் போட்டி வந்தது. உன் நாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு உன்னையும் நடுவராகக் கூப்பிட்டார்கள். பெயர் தெரியாமல் இலக்கம் போட்ட கிளாஸ்கள். நான்கு நடுவர்கள், ஆளுக்கு ஐம்பது புள்ளி. எனக்கு மூன்றாம் இடம் கிடைத்தது, முதலிடத்துக்கு ஆறே புள்ளி குறைவு. பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டுதான் மேடைக்குப் போனேன். பிறகு புள்ளித் தாள்களை ஓர் உறையில் போட்டுத் தந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று. நான்காவது தாளில் முப்பத்தொன்று. "மோல்ட் இனிப்பு அதிகம். சமநிலை இல்லை." பெயர் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்த கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அந்த பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே உன் வீட்டுக்கு வந்தேன். தாளை மேசையில் வைத்தேன்.

"இது ஒன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"சமநிலை இல்லைன்னு ஒன் நாக்கு சொல்லுச்சா?"

நீ ஜன்னல் பக்கம் பார்த்தாய். "இல்ல. மொத மடக்குலயே தெரிஞ்சிருச்சு ஒன்னோடதுன்னு. அந்த மேசையில நா ஒருத்திதான் தமிழ். பொம்பளையும் நா ஒருத்திதான். கூடப் போட்டிருந்தா பொறவு என்னா பேசுவாங்க? தோட்டத்துக்காரிக ரெண்டு பேரும் சேந்துக்கிட்டாளுகன்னு சொல்லமாட்டாங்களா?"

"அதுக்கு பொய் எழுதுவியா?"

"ஒனக்கு அடுத்த வருசம் இருக்குடி. அந்த நடுவர் கதிர எனக்கு ஒரு தடவதான் கெடைக்கும்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் உன்னை அடித்திருப்பேன். உன் புருஷன் உள்ளே இருந்து வந்துவிட்டார். தாளை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

எனக்கு அடுத்த வருடம் இருக்கவில்லை. முதலிடம் வந்திருந்தால் அந்த ஏலைப் பெரிய அளவில் செய்யலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். மூன்றாம் இடத்துக்கு யார் தொட்டி தருவார்கள்? லேசான பியரே போதும் என்றுவிட்டார். நான் மறுபடியும் பரிசோதனைக் குழாய்களோடு மூலையில் உட்கார்ந்தேன்.

ஏழு மாதம் உன்னோடு பேசவில்லை. இரண்டு தடவை நீ போன் பண்ணினாய். திரையில் உன் பெயரைப் பார்த்துக்கொண்டே அடிக்க விட்டேன். பிறகு உனக்கு டெங்கு என்றார்கள். ஐந்தே நாள். கொஞ்ச நாள் கிடக்கட்டும், அவளாக வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று நான் வைத்திருந்த வீறாப்பெல்லாம் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. அந்தக் கோபம் என் மேல். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் செத்த வீட்டில் உன் புருஷன் சொன்னதை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். "ஒங்க ஏல் மாதிரி இந்த நாட்டுல யாரும் செய்யலன்னு அவ வர்றவங்க எல்லாருகிட்டயும் சொல்லுவா" என்றார். எல்லோரிடமும் சொன்னாயாம்! சொல்லவேண்டிய இடம் அந்தத் தாள் ஒன்றுதான். அதில் மட்டும் எழுதவில்லை. உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பல்லைக் கடித்தேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ என் முதுகைத் தடவினார்கள்.

போன மாதம் போட்டிக்காரர்கள் என்னை அழைத்தார்கள். நீ உட்கார்ந்த நடுவர் இடத்துக்கு. உனக்கு எதிராகத்தான் ஒத்துக்கொண்டேன், மறைக்கவில்லை. முற்பகல் பத்து மணி, வெள்ளைத் துணி விரித்த மேசை, வாயைச் சுத்தப்படுத்தத் தண்ணீரும் கிரீம் கிராக்கரும். ஆறாவது கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. மாத்தளையில் சின்னதாகப் பியர் செய்யும் ஒரு பெண்ணுடையது. அவளுக்கு மோல்ட் அளவு சொல்லிக்கொடுத்ததே நான்தான். நல்ல ஏல். சுற்றிப் பார்த்தேன். தமிழ் நான் ஒருத்திதான், பெண்ணும் நான் ஒருத்திதான். நீ அன்றைக்கு எப்படிப் பயந்திருப்பாய் என்று அப்போது தெரிந்தது. எனக்கும் அதே பயம்.

பேனாவைக் கீழே வைத்தேன். தலைமை நடுவரான சிங்கள ஐயாவிடம், "இதைச் செய்தவரை எனக்குத் தெரியும், நான் புள்ளி போடுவது சரியில்லை" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கிளாஸை எடுத்து அடுத்த மேசை நடுவர்களிடம் கொடுத்தார். "நல்லது மிஸ், அடுத்ததைப் பார்ப்போம்" என்றார். அவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் என் கதிரையைப் பிடுங்கவில்லை. சாயங்காலம் அந்தப் பெண் இரண்டாம் பரிசு வாங்கினாள்.

ஹோட்டல் படிக்கட்டில் வந்து நின்று அழுதேன். அரை நிமிடம்டி. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் ஏலும் பிழைத்திருக்கும், நாமும் பிழைத்திருப்போம். உன்னை மன்னித்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாட்டேன். அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள், அந்தக் கதிரையில் உன்மேல் கோபத்தோடுதான் உட்காருவேன். அந்தக் கோபமும் போய்விட்டால் உன்னோடு பேச எனக்கு வேறு என்ன இருக்கிறது?