வியாழக்கிழமை ஓடவே இல்லையாம்

அன்பு மகன் ஸாயிதுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் இடது காலைத் தவிர. லியோன் குளிரில் நீயும் சுகமாக இருக்க துவா செய்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய், நான் கால் பற்றி வாயெடுத்தாலே உன் அப்பா போனைப் பிடுங்கி "கால் ஜோரா இருக்குடா" என்று கூசாமல் சொல்லிவிடுகிறார், அதனால்தான் அங்கே திரும்பும் உன் சித்தப்பா மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஐம்பத்தேழு வயதில் எண்பது கிலோமீட்டர் மலையோட்டம். பாஸூ என்று தன் பெயரைக் கொடுத்தது அவர், பயிற்சி அட்டவணை போட்டு அனுப்பியது நீ, அவதிப்படுகிறது நான். ஜனவரியில் கணவாயைப் பனி மூடிவிட்டது, மனுஷர் சும்மா இருந்தாரா, நம் வீட்டு மொட்டைமாடியிலேயே சுற்றிச் சுற்றி ஓடினார், கீழே நான் பிசைந்த மாவிலெல்லாம் கூரை மண் கொட்டியது. நோன்பு மாதத்தில் சூரியன் சாய்கிற நேரமாகப் பார்த்துக் கிளம்பி, பாங்கு சொல்லும்போது வாசலில் வந்து விழுவார், எழுந்து நின்றால் தலைசுற்றல். ஓடும்போது சாப்பிட நீ அனுப்பிய ஜெல்லை ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு "இனிப்பு கம்மி" என்றார். நீ அனுப்பிய ஷூவின் கதையைக் கேட்காதே, அதைப் பெருநாள் தொழுகைக்குப் போட்டுக்கொண்டு போனார், மலைக்கு அதே பிளாஸ்டிக் செருப்புதான், கேட்டால் "நல்ல ஷூவ யாராச்சும் கல்லுல தேய்ப்பாங்களா?" என்று என்னையே மடக்குகிறார். பெருநாள் முடிந்த வாரம் மட்டும் காலில் இறக்கை முளைத்தது, கணவாயிலிருந்து ஐம்பதே நிமிஷத்தில் இறங்கி வந்தார், பக்கத்து வீட்டு ஹத்தூ "என்ன பாஸூ, ஓநாய் துரத்துதா, பொண்டாட்டி துரத்துறாளா?" என்று கேட்க ஊரே சிரித்தது, இவருக்கு ஒரே பெருமை. மறுவாரமே முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி, படியிறங்க முடியவில்லை.

இழுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் முடியளவு விரிசல் என்றாள், நாலு வாரம் காலுக்கு வேலை கொடுக்காமல் இருந்து, மறுபடி படம் எடுத்து ஆறியிருந்தால்தான் ஓட்டமாம், அது இன்னும் ஏழு வாரத்தில் வருகிறது. மீறினால் ஓட்டம் மட்டுமில்லை, கோடையில் பயணிகளோடு கழுதை ஓட்டிப் போகிற பிழைப்பும் போச்சு என்றாள். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு எடுத்தீர்களா என்று கேட்டதற்கு உன் அப்பா நெஞ்சில் கைவைத்து "சத்தியமா டாக்டர், வியாழக்கிழமைன்னா ஓய்வு, அட்டவணைல இருக்கு, ஒரு அடி ஓடுனதில்ல" என்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். வியாழக்கிழமை என்ன நாள் ஸாயித், நீயுமா மறந்துவிட்டாய், சந்தை நாளில்லையா! விடியுமுன் கழுதையோடு கிளம்பினால் கணவாய் ஏறி இறங்கிச் சந்தைக்கு நாலு மணி நேரம், திரும்ப ஐந்து, அதுவும் மாவு மூட்டை கழுதை மேல், சர்க்கரை மூட்டை இவர் தோள் மேல், கழுதை பாவமாம். ஓடவில்லையாம், நடந்தாராம், அதனால் அது ஓய்வாம்! ஓய்வுக்கு வியாழனை உன்னிடம் கேட்டு வாங்கியதே அவர்தான் என்றும் இப்போதுதான் சொல்கிறார், "அன்னைக்குத்தான் ஓட நேரம் கிடைக்காது" என்று.

திரும்பும்போது அவரைக் கழுதை மேல் ஏற்றி, வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தேன். கணவாய் உச்சியில் மெதுவாகச் சொன்னார், "பதினோரு வருஷமா இதே இடத்துல நின்னு ஓடுறவங்களுக்குத் தண்ணி ஊத்துறேன் தூதா, ஒரே ஒரு தடவ எனக்கு யாராச்சும் ஊத்தட்டுமே" என்று. அவர் ஓட வேண்டும் மகனே, எனக்கும் அந்த ஆசை இருக்கிறது, ஆனால் அவரிடம் சொல்லமாட்டேன்.

ஆகவே புது அட்டவணை போட்டு அனுப்பு. அதில் ஓய்வு என்று எழுதாதே, இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு யாருக்கும் அர்த்தம் தெரியாது. உட்கார் என்று எழுது. சந்தைக்கு நம் கழுதையையும் ஓட்டிப்போவதாக ஹத்தூ ஒப்புக்கொண்டுவிட்டான். நேற்று உன் அப்பாவிடம் நாலு வாரம் உட்காரத்தான் வேண்டும் என்றேன், "சும்மா உக்காந்து என்ன பண்றதாம்?" என்று கேட்டார். பதில் சொல்லத் திரும்பினேன், முதுகில் புல்லுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தேன், கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் நானும் உட்கார்ந்து பார்த்ததில்லையே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், உன்னைவிடச் சொல்பேச்சு கேட்கிற மனைவியும் தரட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. அட்டவணையில் வியாழனுக்கு நேரே "பாஸூ உட்கார வேண்டும், தூதாவும் பக்கத்தில் உட்கார வேண்டும்" என்று மறக்காமல் எழுது. நான் எழுதச் சொன்னதாகச் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
தூதா