ஜஹானாராவின் மாத்திரைகள்

திருவண்ணாமலை,
12.9.1983

அன்புள்ள மாப்பிள்ளை நசீருதீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ரம்ஜானுக்கு வந்தபோது, "இருமல்தான் நின்னுடுச்சே மாமா, இன்னும் எதுக்கு மாத்திரை?"னு கேட்டீர்கள். டாக்டர் ஒன்றரை வருஷம் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டேன். இப்போது முழுப் பதிலையும் எழுதுகிறேன்.

மகளோடு படித்த கஸ்தூரி மெட்ராசில் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டு, நேற்று இங்கே வந்து அழுதாள். ஜஹானாரா துப்பியதில் ரத்தம் இருந்ததாம். "வெத்தலை போட்டேன்டி"னு சிரித்தாளாம். என் மகள் வெற்றிலையைத் தொடவே மாட்டாள், மாப்பிள்ளை!

கஸ்தூரி விடாமல் கேட்ட பிறகுதான் ஜஹானாரா மற்றதைச் சொன்னாளாம். உங்கள் தங்கை ரஹமத்தைப் பெண் பார்க்க வந்த அன்று, மருமகளுக்கு டி.பி. என்று தெரிந்தால் சம்பந்தம் முறியும் என உங்கள் அம்மா மாத்திரைகளை அரிசி டின்னில் ஒளித்தார்களாம். ஒரு நாள் ஒளித்ததைப் பொறுத்துக்கொள்வேன். வந்தவர்கள் போன பிறகும் நீங்கள் ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை? "அதான் சரியாயிடுச்சே"னு சொன்னீர்களாம். அதைச் சொல்ல நீங்கள் யார்? டாக்டரா?

தீபத்தன்று மலை சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். எல்லோரும் ஒரே வேகத்திலா போகிறார்கள்? சிலர் ஓடுவார்கள். சிலர் அடி அண்ணாமலையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டு, விடிந்ததும் எழுந்து நடப்பார்கள். கிருமிகளும் அப்படித்தான். ஒரே கிருமியிலிருந்து பிறந்தவையானாலும் சில மளமளவென்று பெருகும், சில அசையாமல் கிடக்கும். பெருகுவதைத்தான் மருந்து சட்டென்று கொல்லும். அவை செத்ததால் இருமல் நின்றது. கிடந்தவை சாகவில்லை. அவை ஒவ்வொன்றாக எழும்போது கொல்லத்தான் மீதி மாத்திரை. நீங்கள் நிறுத்தினீர்கள், அவை எழுந்துவிட்டன.

ரஹமத்துக்கு நல்ல இடம் அமைய நானும் துஆ செய்கிறேன். அதற்காக என் பெண்ணின் நுரையீரலைத் தர முடியாது. சனிக்கிழமை வருகிறேன். ஜஹானாராவை அழைத்துவந்து இங்கே பெரியாஸ்பத்திரியில் காட்டுவேன். "நாலு பேர் என்ன சொல்லுவாங்க"னு யாரும் வாசலில் நிற்க வேண்டாம்.

அல்லாஹ் உங்கள் இருவரையும் சேர்த்தே வைக்கட்டும். அவள் இங்கே இருக்கும் நாட்களில் ஒன்று செய்யுங்கள். ஒரு பிடி பச்சைப்பயறு ஊறவையுங்கள். காலையில் ஊறாமல் கல்லாகக் கிடப்பதைப் பொறுக்கி ஈரத்துணியில் கட்டி, எது எந்த நாளில் முளைக்கிறது என்று தினமும் அவிழ்த்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மாமா அப்துல் ரசாக்