போர்வைக்கு வெளியே ஒரு கால்

ஞாயிறு இரவு, மாசாய், மலேசியா.

இன்று ஃபேக்டரியில் ஓவர்டைம். பிரவீனின் கால்பந்து ஆட்டத்தை நேரலையில் பார்க்க முடியவில்லை. அமெரிக்காவில் அவனுடைய கிளப் மூன்றாம் டிவிஷன். ஆட்டக்காரர்களுக்கு வீடு எடுத்துக் கொடுக்க அதற்கு வசதி போதாது. ரசிகர்களே ஆளுக்கொருவரைத் தங்கள் வீட்டில் தங்கவைக்கிறார்கள். என் மகன் தங்கியிருப்பது லிண்டா வீட்டில்.

சாப்பிட்டு எழுந்தபோது லிண்டா வீடியோ காலில் வந்தார். உடனே போனைத் திருப்பினார். அங்கே விடிந்திருந்தது. சோபாவில் பிரவீன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் அடிபட்டு முழங்காலில் பெரிய கட்டு போட்டிருக்கிறது என்றார். என்னிடம் சொல்லக் கூடாது என்று கெஞ்சினானாம். தன்னால் மறைக்க முடியவில்லை என்றார். இந்த சீசன் இனி ஆட முடியாதாம். அடுத்த வருஷம் கிளப் அவனை வைத்துக்கொள்ளுமோ என்னவோ.

அழுகைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது. அவன் தலைமாட்டில் நான் அல்லவா நிற்க வேண்டும்?

அப்புறம்தான் கவனித்தேன், கழுத்திலிருந்து கால்வரை போர்வை. ஒரு பாதமாவது வெளியே இருந்தால்தான் அவனுக்கு நிம்மதியான தூக்கம். அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். லிண்டா குனிந்து, மெதுவாக விலக்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவனே வீடியோ காலில் கூப்பிட்டான். “கோச் ரெஸ்ட் குடுத்துட்டாரு மா. ஒண்ணும் இல்ல லா. இப்பதான் நல்லா தூங்கி எந்திரிச்சேன்.”

தெரியாத மாதிரியே பேச நினைத்தேன். ஆனால் “கால் வெளியதானே இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

அவன் மெல்ல போனைக் கீழே திருப்பி, கட்டுப் போட்ட முழங்காலைக் காட்டினான்.