குண்டு பல்பு நிறம்

ஏங்க,

என் முகத்தின் விலை முந்நூற்றிருபது ரூபாய். தாம்பரம் போட்டோ பிரிண்ட் லேப்காரர் பில்லே போட்டுவிட்டார்.

நம் கல்யாணப் படத்தைத் திரையில் வைத்து, என் முகம் சரியாக வரும்வரை வீட்டு மானிட்டர் கலரை மாற்றினீர்களே, அதன் பலன். திரையில் எல்லாமே மஞ்சளாகத் தெரிந்ததால், படப்பைக் கல்யாண ஆல்பத்தில் நான் மஞ்சளைக் குறைத்தேன். பிரிண்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையிலேயே விஷம் குடித்தவர்கள் மாதிரி நீலம் பாரித்து நிற்கிறார்கள்.

நேற்று வாசலில் கத்திவிட்டேன். "ஒன் நெறம் இதான வேலு, எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினீர்கள். பிறகுதான் உறைத்தது. நான் ஸ்டுடியோவிலிருந்து வரும்போது நீங்கள் நைட் ஷிப்டுக்குக் கிளம்புகிறீர்கள். காலையில் நீங்கள் வருவதற்குள் நான் போய்விடுகிறேன். வாசல் குண்டு பல்புக்கு அடியில்தான் என்னைப் பார்க்கிறீர்கள். அந்த வெளிச்சத்தில் நான் மஞ்சள்தான்.

குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள். சிலிண்டர் வந்தால் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அக்கா வாங்கிக்கொள்வார், நீங்கள் தூங்குங்கள். பெண்ணின் அப்பா ஆல்பம் கேட்டு வந்தால் வியாழக்கிழமை என்று சொல்லுங்கள். அந்த நீலப் படத்தை மட்டும் காட்டிவிடாதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. வேண்டாம். ஜன்னலைத் திறந்து, நம் கல்யாணப் பிரிண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, சேர்ந்தே கலரைச் சரிசெய்வோம். ஒத்துப்பார்க்க நானும் பக்கத்தில் நிற்பேன்.

வேல்விழி

பி.கு. ஜவுளிக்கடைக்காரர் மகள், கணக்கு முடிக்காமல் போகமாட்டேன். பிரிண்ட் நஷ்டம் தள்ளுபடி. கத்தியதற்கு ஈடாக டப்பாவில் அதிரசம். உங்கள் பக்கம் ஒரு முழுப் பகல் பாக்கி. அதில் பேரம் கிடையாது.